நீல மூடித் தட்டு

மார்ச் 4

அண்ணிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே எப்படி என்று கேட்டால் பதில் வருமா தெரியாது. எப்போது போன் செய்தாலும் அண்ணன்தான் எடுக்கிறார். "அண்ணி எங்கே?" என்றால், "மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்கா" என்கிறார். மூன்று மாதமாகவா அண்ணி ஒரு துணி காயும்? அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். டிசம்பரில் உங்கள் பொறுப்பில் இருந்த மீன் முட்டைகளின் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. ஆய்வகத்தில் மின்கம்பி மாற்றும் வேலை நடந்ததால், நீல மூடித் தட்டில் நாற்பது, வெள்ளை மூடித் தட்டில் நாற்பது என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அன்று சாயங்காலமே காய்ச்சல் தூக்கிப்போட்டது. அண்ணன் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் படுத்திருந்த ஐந்து நாளும், தாளில் எழுதிக் கொடுத்தபடி, காலையும் மாலையும் தட்டுக்கு மூன்று முட்டை வீதம் எடுத்து, வளர்ச்சியை அப்படியே நிறுத்தும் மருந்துக் குழாயில் போட்டு, மணியெழுதி ஒட்டியது நீங்கள்.

வெள்ளை மூடிக் குழாய்கள் ஒழுங்காக இருக்கின்றன. நீல மூடிக் குழாய்கள் தாறுமாறு. நாற்பத்தெட்டு மணி நேரம் என்று ஒட்டியிருக்கும் குழாய்க்குள், அறுபது மணி நேரக் கரு இருப்பது போல எண்கள் சொல்கின்றன. "நீலத்தைத் தூக்கிக் குப்பையில போடு" என்று எங்கள் பேராசிரியை சொல்லிவிட்டார். நீலம் போனால் என் ஆய்வில் பாதி போச்சு. மறுபடி முதலிலிருந்து செய்ய நேரமில்லை. ஏப்ரல் பதினைந்துக்குள் அறிக்கையைக் கொடுக்காவிட்டால் இங்கே என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆறு வருஷ வேலை.

நீல மூடித் தட்டைச் சாமி அலமாரிக்கு மாற்றினீர்கள் என்பது தெரியும். எத்தனை மணிக்கு மாற்றினீர்கள், அங்கே எவ்வளவு சூடு இருந்தது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? பால் பொங்கிய நேரத்தைக்கூட நோட்டில் எழுதுகிற கை உங்களுடையது. அதனால் கேட்கிறேன்.

அன்று நான் பேசியதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

சின்னவள்


மார்ச் 9

கடவுள் துணை.

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது. உன் கடிதம் ஏழாம் தேதி பகல் பதினொன்றே காலுக்குக் கைக்கு வந்தது. இரண்டு நாள் வைத்திருந்து இன்று பதில் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நேரில் பேசிக்கொள்ளலாம் என்கிறாய். நீ பேசியதும் நேரில்தானே? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய உன்னைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருக்க, தட்டின் மூடியில் எண்ணெய்க் கறையைத் தொட்டுக் காட்டி, "படிக்காதவங்க கையில கொடுத்தேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்" என்றாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். அதற்கப்புறம் படித்ததெல்லாம் உன் அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சாமான் சுற்றி வந்த காகிதங்களும், நீ பரீட்சை முடிந்ததும் பரணில் எறிந்த புத்தகங்களும். அது போகட்டும். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

டிசம்பர் ஆறாம் தேதி மாலை ஆறேகாலுக்கு உன்னை வண்டியில் ஏற்றினோம். நீ எழுதிக் கொடுத்த தாளில் இருபத்தாறு டிகிரி என்றிருந்தது. உன் அறையில் இருபத்தைந்தரை. ஜன்னல் வேறு சரியாக மூடாது. இரண்டு தட்டையும் ஒரே இடத்தில் வைத்து இரண்டுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன்? அதனால் வெள்ளையை அங்கேயே விட்டுவிட்டு, நீலத்தை மட்டும் சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏழு மணி பத்து நிமிடம்.

நீ வீடு திரும்பும்வரை அந்த விளக்கை அணைப்பதில்லை என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நாளும் அது எரிந்தது. ஆகவே சூடும் அப்படியே நின்றது. இருபத்தொன்பதரை. ஒரு தடவை இருபத்தொன்பது, ஒரு தடவை முப்பது. வெப்பமானி ஒன்றுதான் இருந்தது என்பதால் கால் மணி நேரம் அங்கே, கால் மணி நேரம் இங்கே என்று வைத்துப் பார்த்தேன். நாளைக்கு மூன்று வேளை, தட்டுக்குப் பதினைந்து எண். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இதயம் துடிப்பதை முதலில் கண்டது நீலத்தில் எட்டாம் தேதி காலை, வெள்ளையில் அன்று மாலை. அதற்கப்புறம் தினமும் இரண்டு வேளை துடிப்பை எண்ணினேன். அது உனக்கு உதவாது. கடிகாரம் பார்த்து எண்ணியதல்ல.

நோட்டை அனுப்ப மாட்டேன். அதில் உனக்குச் சம்பந்தமில்லாத சங்கதிகளும் இருக்கின்றன.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சூடு பட்டால் மீன் ஏன் அவசரப்பட வேண்டும்? சொல்ல இஷ்டமிருந்தால் எழுது.

துணி காய்ந்துவிட்டது.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

துடிப்பை எண்ணினீர்களா? நிஜமாகவா? கடிதத்தை வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் கத்தியே விட்டேன். பக்கத்து மேஜைக்காரர் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே போடப் பார்த்தார்.

முதலில் உங்கள் கேள்வி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன, கண்ணுக்கானவையும் வாலுக்கானவையும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. உங்கள் சமையலறை அலமாரியில் எல்லாப் பாத்திரமும் இருக்கிறது. காலையில் கீழே இறங்குவது வேறு, மதியம் இறங்குவது வேறு இல்லையா? எது எது இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே, கடிகாரத்தைப் பார்க்காமல் உங்கள் வீட்டில் மணி என்ன என்று சொல்லிவிடுவேன். இங்கே நான் செய்வது அதுதான். எந்தெந்த மரபணு எத்தனை பிரதிகள் எடுத்திருக்கிறது என்று எண்ணினால், கரு எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சூடு கூடினால் செல்லுக்குள் நடக்கிற வேலையெல்லாம் வேகம் பிடிக்கும். வரிசை அதேதான், நடைதான் வேகம். நீல மூடிக்குள் இருந்தவை தாறுமாறாக வளரவில்லை. எட்டிப்போட்டு நடந்திருக்கின்றன. நாம் ஒட்டிய மணிதான் அவற்றுக்குப் பொருந்தவில்லை. எல்லா மரபணுவும் ஒரே அளவில் வேகம் பிடிக்கிறதா, இல்லை, ஏதாவது ஒன்றிரண்டு 'எனக்கென்ன அவசரம்' என்று பின்தங்குகிறதா என்பது யாருக்கும் சுலபத்தில் கிடைக்காத பதில். இதைப் பார்க்க இரண்டாவது சூட்டுப்பெட்டி வேண்டும் என்று ஒரு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு விளக்கை வைத்து முடித்துவிட்டீர்கள்.

ஆனால் பேராசிரியை ஒப்பவில்லை. "வீட்டு அலமாரியில வெச்ச ஒத்த வெப்பமானிய நம்பி நான் கையெழுத்துப் போடணுமா?" என்கிறார். இன்னொரு சாட்சி வேண்டும். மீனின் இதயம் சூட்டுக்கேற்ப ஓடும். எத்தனை டிகிரிக்கு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று இங்கே பட்டியல் வைத்திருக்கிறோம். உங்கள் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போனால் வெப்பமானி பொய் சொல்லவில்லை என்றாகும். கடிகாரம் பார்க்காமல் எப்படி எண்ணினீர்கள்? எதை அளவாக வைத்தீர்கள்? என்னவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நான் சொன்ன அந்த வார்த்தையை நீங்கள் எழுதிக் காட்டியிருந்தீர்கள். படிக்கும்போது கண் கூசியது. சொன்னபோது வாய் கூசவில்லை.

சின்னவள்


மார்ச் 21

கடவுள் துணை.

சின்னவளுக்கு. உன் மன்னிப்பு கடைசி வரியில் ஓரமாக ஒளிந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினேன். இருக்கிறது. வரவு வைத்துக்கொண்டேன்.

நான் எண்ணிய விதம் இது. உன் அண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்த அந்தக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்தால்தான் இதயம் தெரியும். கண்ணை எடுத்தால் மறுபடி அந்தச் சிவப்புப் புள்ளியைப் பிடிப்பது பெரும்பாடு. அப்புறம் எங்கே கடிகாரத்தைப் பார்ப்பது? எனக்கு வாய் மட்டும்தான் சும்மா இருந்தது. ஆகவே தினமும் சொல்கிற பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு துடிப்புக்கும் பென்சிலால் நோட்டில் ஒரு புள்ளி தட்டினேன். முப்பது வருஷப் பழக்கம், வாய் தன்பாட்டில் சொல்லும். பிரார்த்தனை முடிந்ததும் கோடு போட்டுவிட்டு, புள்ளிகளை எண்ணி ஓரத்தில் எழுதினேன்.

இதைப் படித்து உன் பேராசிரியை சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் என் பிரார்த்தனை எவ்வளவு நேரம் என்று இதுவரை எனக்கே தெரியாது. தெரிந்துகொண்டே சொன்னால் கூடவோ குறையவோ இழுத்துவிடுவேன் என்று, எனக்குத் தெரியாமல் பார்த்து எழுதும்படி உன் அண்ணனிடம் சொன்னேன். தெரியாமல் பார்க்கிற அழகைக் கேள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தினமும் செருமுகிறார். இரண்டாம் நாள் தும்மிவிட்டார். அந்த வேளையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாள் கூட்டிப் பார்த்தோம்.

முடிவு: காலையில் ஐம்பத்திரண்டு விநாடி, மாலையில் நாற்பத்து நான்கு. நாலு நாளும் ஒன்றிரண்டு விநாடிதான் முன்னே பின்னே. "காலையில சாமிக்குச் சொல்ற, சாயங்காலம் அடுப்புக்குச் சொல்ற. முப்பது வருஷமா இப்படி எட்டு விநாடி ஏமாத்திட்டு இருந்திருக்கியே" என்று உன் அண்ணனுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு வெட்கமாகிவிட்டது. இப்போது மாலையிலும் நிதானமாகச் சொல்கிறேன். அடுப்பு பொறுத்துக்கொள்கிறது.

வெள்ளை மூடிக்குக் காலையில் தொண்ணூற்றைந்து புள்ளி, மாலையில் எண்பத்தொன்று. நீல மூடிக்குக் காலையில் நூற்று இருபத்தொன்று, மாலையில் நூற்று மூன்று. ஒன்றிரண்டு வித்தியாசம் இருக்கும். நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காகப் புள்ளிப் பக்கங்களையே நோட்டிலிருந்து பிரித்து அனுப்புகிறேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மாலைப் பக்கம் இதில் இல்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். இல்லாததை இல்லை என்று சொல்வதுதான் முறை என்பதால் சொல்கிறேன். காரணம் கேட்காதே.

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

பொருந்துகிறது! ஐம்பத்திரண்டு விநாடிக்கு நூற்று இருபத்தொன்று என்றால் நிமிடத்துக்கு நூற்று நாற்பது. மாலைக் கணக்கும் அதே நூற்று நாற்பது. வெள்ளைக்கு இரண்டு வேளையும் நூற்றுப் பத்து. எங்கள் பட்டியலில் இருபத்தொன்பதரை டிகிரிக்கும் இருபத்தைந்தரை டிகிரிக்கும் என்ன போட்டிருக்கிறதோ அதேதான். பேராசிரியை உங்கள் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு ஒரு பக்கம் முழுக்க எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "யாரு இவங்க?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். "அது தெரியுது. எங்க வேலை பார்த்தவங்க?" என்றார்.

ஆனால் அண்ணி, காணாத பக்கத்தை அவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். "பிடிக்காத எண் வந்தா கிழிச்சுடுவாங்கன்னா, மிச்ச எண்ணை எப்படி நம்பறது? அந்தப் பக்கமும் வந்தா கையெழுத்து. வரலைன்னா நீலம் கிடையாது." இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

காரணம் கேட்காதே என்றீர்கள். கேட்கவில்லை. அந்த எண் தப்பாக இருந்தாலும் பாதகமில்லை, தப்பு என்று எழுதியே சேர்த்துவிடலாம். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. உங்களைக் கட்டாயப்படுத்துகிற இடத்தில் நான் இல்லை என்றும் தெரியும்.

சின்னவள்


ஏப்ரல் 1

கடவுள் துணை.

சின்னவளுக்கு. பக்கத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். முந்நூற்று இருபத்தேழு புள்ளி. நீலம் மட்டும்தான். வெள்ளைக்கு அன்று மாலை எண்ணவில்லை. சில இடத்தில் பென்சில் கலைந்திருக்கும், தண்ணீர் பட்டது. நாற்பத்து நான்கு விநாடிக்கு முந்நூற்று இருபத்தேழு என்றால் எந்த மீனும் செத்துப்போகும் என்று எனக்கும் தெரியும். பேராசிரியை அதைப் பார்த்து உன் வேலையைத் தள்ளிவிட்டால் என்னை நீ கோபிக்கலாம்.

அன்று நாலு மணிக்கு உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். காய்ச்சல் நூற்று நாலைத் தாண்டி, நீ யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறாய் என்றார். சட்டையை மாற்றிக்கொண்டு உடனே திரும்பிவிட்டார். ஆறு மணிக்கு முட்டைகளைக் குழாயில் போடும் வேலை இருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். நீ சொல்லிவிட்டுப் போன வேலை, அதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டு பிரார்த்தனையைத் தொடங்கினேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. முப்பது வருஷத்தில் நின்றதில்லை. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. அப்போது நான் சாமியிடம் ஒரு பேரம் பேசினேன். "ரெண்டு தட்டும் அவளுக்கு உசிரு. அதுல ஒண்ணை நீ எடுத்துக்கோ. இந்த நீலத் தட்டை எடுத்துக்கோ. பிள்ளைய மட்டும் திருப்பிக் கொடு." அப்புறம்தான் விட்ட இடத்திலிருந்து பிரார்த்தனையைச் சொல்லி முடித்துக் கோடு போட்டேன்.

மறுநாள் காலை உனக்குக் காய்ச்சல் இறங்கியது. பதினொன்றாம் தேதி வீட்டுக்கு வந்தாய். வந்ததும் நீலத் தட்டைத் திறந்து பார்த்து, எல்லாம் வீணாப்போச்சு என்றாய். நான் என்ன சொல்ல முடியும்? கேட்டதைக் கொடுத்தார், சொன்னதை எடுத்துக்கொண்டார். அதனால்தான் நீ அத்தனை பேர் முன்னால் பேசியபோது நான் வாயைத் திறக்கவில்லை. உன் வேலையைப் பேரத்தில் வைக்க நான் யார் என்பது ஒரு பக்கம். வைத்ததற்கு வருத்தப்படவும் என்னால் முடியவில்லை என்பது இன்னொரு பக்கம். நீ போனில் கூப்பிட்டால் இதைச் சொல்லிவிடுவேனோ என்றுதான் மாடிக்குப் போனேன். கோபத்தால் மட்டும் அல்ல.

இப்போது நீலத் தட்டு உனக்கு வேண்டும் என்கிறாய். சாமிக்கு என்று சொன்னதை நான் திரும்பக் கேட்கலாமா? இதே யோசனையாக மூன்று நாள் இருந்தேன். கணக்கில் ஒரு பக்கத்தை மறைப்பதும் பாவம்தான் என்று தோன்றியது. அனுப்பிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 6

என் அண்ணி,

பக்கத்தைப் பேராசிரியையிடம் கொடுப்பதற்கு முன்னால் நானே ஒரு கணக்குப் போட்டேன். இதுவரை உங்கள் பிரார்த்தனையை வைத்து மீனின் இதயத்தை அளந்தோம். இந்தப் பக்கத்துக்கு மட்டும் அதைத் திருப்பிப் போட்டேன். முந்தைய நாளும் மறுநாளும் அந்த மீன்களின் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று நாற்பது. சூடு அன்று மாலையும் இருபத்தொன்பதரை. அப்படியானால் முந்நூற்று இருபத்தேழு துடிப்புக்கு இரண்டு நிமிடம் இருபது விநாடி. மீன் தப்பாகத் துடிக்கவில்லை அண்ணி. நாற்பத்து நான்கு விநாடிப் பிரார்த்தனை அன்று எனக்காக இரண்டு நிமிடம் இருபது விநாடி ஆகியிருக்கிறது. நான் சுயநினைவில்லாமல் கிடந்த அந்த நேரத்தை விநாடி சுத்தமாக ஒரு மீன் குறித்து வைத்திருக்கிறது.

பேராசிரியையிடம் காட்டினேன். காரணத்தைச் சொல்லவில்லை, "அன்னைக்குப் பிரார்த்தனை நடுவுல நின்னுபோச்சு" என்று மட்டும் சொன்னேன். அவர் கலைந்திருந்த பென்சிலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையும் அப்படியே சேர்த்துக்கோ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆக, நீலமும் உண்டு, வெள்ளையும் உண்டு. நேற்று அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் முன்னதாகவே!

உங்கள் விளக்குச் சூட்டில் கரு ஒன்றேகால் மடங்கு வேகமாக நடந்திருக்கிறது, வரிசை பிசகாமல். மரபணுக்களில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் அந்த அவசரத்துக்குக் கட்டுப்படாமல் தன் நேரத்துக்கே வந்திருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடுவதுதான் என் அடுத்த மூன்று வருஷ வேலை. இடம் எனக்கே என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது உங்கள் பேரம். குழாய்க்குப் போனது போக நீலத் தட்டில் பத்து முட்டை மிச்சம் இருந்தது. கோபத்தோடு எடுத்துக்கொண்டு வந்தேனே, அது. வந்த இரண்டாம் நாள் பத்தும் பொரிந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். உங்களைக் கத்தியதுகூட அதைவிடச் சின்னத் தப்புதான். வீணாகாததை வீணாகிவிட்டது என்று சொல்லி, நான்கு மாதம் உங்களை நம்ப வைத்திருக்கிறேன். சாமி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பத்தும் என் மேஜைக்குப் பக்கத்துத் தொட்டியில் வளர்ந்து நிற்கின்றன. போன வாரம் முதல் அவையே முட்டையிடுகின்றன.

மன்னித்துவிடுங்கள். இந்தத் தடவை ஓரத்தில் எழுதவில்லை, கண்ணாடி தேவைப்படாது.

இரண்டு விஷயம் பாக்கி. அட்டவணையில் 'அளந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன போட வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அடுத்தது, பதினெட்டாம் தேதி வரட்டுமா? வந்தால் வெறுங்கையோடு வரமாட்டேன். நீல மூடியின் பிள்ளைகள் இட்ட முட்டைகளோடு வருவேன். இங்கே சூட்டுப்பெட்டி இன்னும் காலியாகவில்லை.

உங்கள் சின்னவள்


ஏப்ரல் 10

கடவுள் துணை.

சின்னவளுக்கு. உன் கடிதத்தை உன் அண்ணன் உரக்கப் படித்தார். 'பத்தும் பொரிந்தன' என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டதற்கு, "காது கேக்கலையா, கண்ணு கலங்குதா? ஒண்ணைச் சொல்லு, அதுக்குத் தகுந்த கண்ணாடி தரேன்" என்றார்.

கட்டத்தில் அண்ணி என்றே போடு. பேர் போட்டால் எனக்கு வேறு யாரோ மாதிரி இருக்கும்.

பதினெட்டாம் தேதி எத்தனை மணி வண்டி என்று எழுது. இன்னொரு வெப்பமானி கொண்டு வா, இரண்டு தட்டுக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு அலைய முடியவில்லை. உன் அறை ஜன்னலுக்குத் தச்சர் வந்து கொக்கி போட்டுவிட்டுப் போனார். சாமி அலமாரியிலும் இடம் ஒழித்திருக்கிறேன், விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி. இருபத்தெட்டு காட்டுகிறது. போதுமா, இன்னும் கிட்டே வைக்கவா என்பதை நீ வந்து சொல்.

அண்ணி